மூன்றாவது ஆல்பம்

கதவு தட்டப்பட்ட வேகத்திலேயே, கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த உர்ஷுலாதான் என்று யாரெக்குக்குத் தெரிந்துவிட்டது.

"ஏம்ப்பா, கைக்குழந்தை இருக்கிற வீட்டுல இந்தப் பேய்க் கூச்சலையா போடுவாங்க? பிள்ளை பயந்துடாதா?"

"இது டெத் மெட்டல்க்கா, உறுமிப் பாடுற ராக் பாட்டு. நிறுத்தினாத்தான் பாப்பா அழுவா."

உர்ஷுலா நம்பாமல் தானே போய் நிறுத்தினாள். தொட்டிலில் குழந்தை வீறிட்டது. மறுபடி போட்டதும் விம்மி விம்மி அடங்கியது.

"கரடி மாதிரி உறுமுறானே, யாருப்பா அவன்?"

"அவன் இல்லக்கா, இவளோட அம்மா. இவளை வயித்துல சுமந்துக்கிட்டேதான் எங்க மியூசிக் பேண்டோட இந்த மூணாவது ஆல்பத்தைப் பாடினா. இப்போ தொண்டையில ஆபரேஷன், க்டான்ஸ்க் ஆஸ்பத்திரியில இருக்கா. இனிமே பாட முடியுமான்னு டாக்டருக்கே தெரியலை."

உர்ஷுலா தொட்டிலருகே உட்கார்ந்தாள். கடைசிப் பாட்டு முடியும் நேரத்தில் மெல்லக் கேட்டாள்.

"முதல் ரெண்டு ஆல்பமும் இருக்குல்ல? எடுத்துப் போடேன்."