பூச்சியத்தில் தொடங்கிய பெட்டி

முகாமின் சங்கேதப் பெட்டியை இயக்குபவள் கோகிலவாணி. தினமும் பழைய எண்களை அழித்து, தலைமையகத்திலிருந்து தாளில் வரும் ஒன்றுகளையும் பூச்சியங்களையும் பதிப்பாள். அவை உள்ளே ஒவ்வோர் இடமாக நகர்ந்து, தம்மிலிருந்தே புதிய எண்களைப் பிறப்பித்துச் செய்தியை மறைக்கும்.

அன்று தாள் வரவில்லை. தளபதி பொறுக்கவில்லை.

"அப்படியே அனுப்பு."

"பழசை அழிச்சாச்சு, உள்ளே எல்லாம் பூச்சியம், சார். பூச்சியத்துலேர்ந்து பூச்சியம்தான் வரும். யார் கேட்டாலும் புரிஞ்சிடும்."

"அனுப்புன்னேன்!"

அனுப்பினாள். ஆற்றைக் கடக்கவேண்டிய இடமும் நேரமும் மறைப்பில்லாமல் காற்றில் போயின. ஆற்றில் இறங்கிய முப்பத்தொரு வீரர்களில் ஒருவரும் கரையேறவில்லை.

மாலையில் தளபதி ஒரு காகிதத்தை நீட்டினார். "பெட்டி பழுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா."

'பெட்டி சரியாகவே இருந்தது' என்று எழுதினாள். அடுத்த வரியைத் தொடங்கும்போது தளபதி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டார்.