கொஞ்சம் பிடிச்சுக்கோ

ஜோகுபாளையம் அங்கன்வாடியில் தட்டம்மை ஊசி முகாம். காலை முழுக்க ஒரு தாயும் எட்டிப் பார்க்கவில்லை. "ஊசி போட்டா காய்ச்சல் வரும், வேணாம்" என்று வீடு வீடாகக் கதவைச் சாத்தினார்கள்.

மதியம் திடீரென வாசலில் கூட்டம். ஒவ்வொருத்தியும் தன் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

நர்ஸ் வீணாவுக்கு ஆச்சரியம். "காலையில அவ்ளோ கெஞ்சினேனே! இப்ப யாரு சொல்லி வந்தீங்க?"

"கடைசி வீட்டு சுகன்யா" என்றாள் முன்னால் நின்ற ஷில்பா. "அம்மா வீட்டுக்குப் போயிருந்துச்சு. இன்னிக்குத்தான் திரும்பி வந்துச்சு. தோள்ல கைக்குழந்தையோட எல்லார் வீட்டுக்கும் வந்துச்சு, சிஸ்டர்."

"போன முகாமுக்குக் கூப்பிடப் போனப்ப என்னை வீட்டுக்குள்ளேயே விடலையே அந்தப் பொண்ணு! இப்ப என்ன சொல்லிச்சு?"

"ஊசியைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. 'பாப்பா தூங்குது, கொஞ்சம் பிடிச்சுக்கோ'ன்னு கையில குடுத்துச்சு."

"அதுக்கா இப்படி ஓடி வந்தீங்க?"

ஷில்பா தன் குழந்தையின் சட்டைக் கையை மேலே ஏற்றினாள்.

"கையில வாங்கினேன் சிஸ்டர். கனமே இல்ல. துணிக்குள்ள காஞ்ச வேப்பிலை மட்டும்தான் இருந்துச்சு."