நாலாம் நம்பர் மனு

நாலாம் நம்பர் மனுவை வெர்ன் க்ராட்ஸ் தொடக்கூட இல்லை. வைத்தது வைத்தபடி அவர் முன்னால் கிடந்தது. மற்ற நாலு பேரும் தங்கள் பிரதிகளைப் புரட்டிப் புரட்டி ஓரமெல்லாம் காபிக் கறை ஆக்கியிருந்தார்கள்.

“படிக்காமலே முடிவு பண்ணிட்டியா வெர்ன்?” என்று சீண்டினான் கிப். ஊருக்கே முடி வெட்டுகிறவன். கத்தரி ஓடாத நேரத்திலும் வாய் ஓடும்.

வெர்ன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தானியக் கிடங்கு முதலாளிக்கு ஏழைப் பிள்ளையின் மனு இளப்பமாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஊர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைக் குழு நூலகத்தின் பின்னறையில் கூடியிருந்தது. மனுவில் பேர் இருக்காது, நம்பர்தான். ஆனால் ஒரே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிற நெப்ராஸ்கா ஊரில் பேரை மறைத்து என்ன பிரயோசனம்? ரெண்டு வரி படித்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று நண்டு சிண்டுக்கும் தெரிந்துவிடும்.

அதனால்தான் இன்னொரு விதியும் வைத்திருந்தார்கள். சொந்தக்காரப் பிள்ளையின் மனு என்றால் படிக்கக் கூடாது, பேசக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது. எழுந்து வெளியே போய்விட வேண்டும். சற்று முன்புதான் வங்கிக்கார வெண்டெல் மூன்றாம் நம்பருக்காக வராந்தாவில், ஏப்ரல் மாதக் குளிர்காற்றில் நின்றுவிட்டு வந்திருந்தார்.

“அந்தப் பையன் மூஞ்சியையே நீ பார்த்ததில்லையேப்பா,” என்றான் கிப்.

“என் பொண்டாட்டியோட அக்கா பேரன். பார்த்தா என்ன, பார்க்காட்டி என்ன? அவ பக்கத்துச் சொந்தத்துக்கும் நான் எழுந்திருக்கணும்.” வெண்டெல் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

குழுத் தலைவி கொரீன் தொண்டையைச் செருமினாள். “மிச்சம் இருக்கறது ஒரே உதவித்தொகை. நாலாம் நம்பருக்குக் கொடுக்கணும்கறது என் அபிப்பிராயம். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைச்சிருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் கட்டலைன்னா அந்த இடம் போயிடும்.”

“கொடுக்கக் கூடாது,” என்றாள் டார்லா. வெர்னின் மனைவி. அவள் வாய்க்கு ஊரே பயப்படும், வெர்ன் கொஞ்சம் கூடுதலாகவே பயப்படுவார். “மார்க் போதாது. பாதி நாள் பள்ளிக்கூடத்துக்கு லேட்டா வந்திருக்கு.”

“சாயங்காலமானா ஓட்டல்ல பாத்திரம் கழுவுற பொண்ணு. காலையில அசந்து தூங்காதா?”

“உனக்கு எல்லார் மேலயும் இரக்கம் கிப். அவங்கம்மா எங்க கிடங்குல வேலை பார்த்தவ. ஒருநாள் சொல்லாம கொள்ளாம வேலையை விட்டு நின்னுட்டா. அந்த வீட்டுப் பொறுப்பு அவ்வளவுதான்.”

“மனுவைப் பத்திப் பேசுங்க டார்லா. அம்மாவை விடுங்க,” என்றாள் கொரீன் சற்றுக் கடுமையாகவே.

வெர்ன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது மடல்கள் சிவந்திருந்தன.

வாக்கெடுப்பு வந்தது. கொரீனும் கிப்பும் ஆதரவாகக் கை தூக்கினார்கள். டார்லா எதிர்ப்பு. மார்க்கை விட்டால் வேறு அளவுகோல் இல்லை என்று வெண்டெலும் எதிர்ப்பாகத் தூக்கினார்.

“ரெண்டுக்கு ரெண்டு. சமமா நின்னா மனு தள்ளுபடி,” என்றாள் கொரீன். “வெர்ன், இனிமே உங்க கையிலதான் இருக்கு.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். மேசைக்கு அடியில் இருந்த கை மெல்ல மேலே வந்தது. பாதி தூரம் வந்த கை அங்கேயே நின்றது. பிறகு இறங்கி, பக்கத்தில் இருந்த தொப்பியை எடுத்துக்கொண்டது.

வெர்ன் எழுந்து கதவை நோக்கி நடந்தார்.

“எங்க போற?” என்றாள் டார்லா. “ஓட்டைப் போட்டுட்டுப் போ.”

“போடக் கூடாது.” வெர்ன் நின்றார். “முதல்லயே எழுந்து போயிருக்கணும். தைரியம் வரலை.”

“ஏன் போடக் கூடாது?” என்றாள் கொரீன்.

“நாலாம் நம்பர் எம் பொண்ணு.”

கிப் டார்லாவைத் திரும்பிப் பார்த்தான். வெண்டெல் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொரீன் மனசுக்குள் ஓட்டுக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தாள். இவர் ஓட்டு இல்லாமல் போனால் ரெண்டுக்கு ரெண்டு அப்படியேதான் நிற்கும். ஒரு கை தூக்கிப் பொய்யனாகவே இருந்திருந்தால் பெண்ணுக்குப் படிப்பாவது கிடைத்திருக்கும். யோக்கியனாக ஆகப்போய் அதையும் கெடுத்துவிட்டாரே என்று நினைத்தாள். கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

வெர்ன் கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். மனைவி பக்கம் திரும்ப அவருக்குத் துணிவில்லை.

டார்லாவின் முகத்தில் ரத்தமே இல்லை. நாற்காலி கிறீச்சிட எழுந்தாள். கோட்டை மாட்டிக்கொண்டாள். பித்தான்கூடப் போடவில்லை.

“போகாதீங்க டார்லா,” என்றாள் கொரீன். “கூட்டம் இன்னும் முடியலை.”

டார்லா கணவரைத் தாண்டிப் போய்க் கதவைத் தானே திறந்தாள்.

“என் ஓட்டைக் கணக்குலேர்ந்து அடிச்சிடுங்க கொரீன். இவன் பொண்ணுன்னா எனக்கும் சொந்தம்தான்.”