தேய்ந்த சாவி

“டயலைத் தொடாதீங்க பாய். மஞ்சளாவே இருக்கட்டும். அப்பா கையால விழுந்த கீறல் ஒண்ணுகூடப் போகக்கூடாது. எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்.”

பாண்டி பஜாரில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கும் கலீமுல்லா, சுஹாஸ் கொடுத்த வாட்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அதெல்லாம் தொடல சார். ஆனா கண்ணாடி மேல இன்னா இது? எட்டாம் நம்பராண்ட செவப்பா... நெயில் பாலிஷ் மாரி கீது.”

சுஹாஸ் குனிந்து பார்த்தான். நெயில் பாலிஷேதான்.

“ஓரத்துல திருகற சாவியும் தேஞ்சு வழவழன்னு ஆயிட்ச்சு சார். சும்மா சாவி குடுத்தா இவ்ளோ தேயாது. வெளிய இழுத்து இழுத்து முள்ளைத் திருப்பிக்கினே இருந்திருக்காங்க.”

சுஹாஸுக்குச் சுர்ரென்றது.

தாத்தா கட்டி, அப்புறம் அப்பா கட்டிய வாட்ச். அப்பா கடைசியில் அக்கா ஹம்சினி வீட்டில்தான் இருந்தார். காரியங்கள் முடிந்ததும் அவள்தான், “நீயே வெச்சுக்கோடா” என்று எடுத்துக் கொடுத்தாள். அவள் பெண் நிஷாவின் கைக்குப் போன பொருள் எது உருப்பட்டிருக்கிறது?

“அந்தச் சிவப்பைச் சுத்தமா எடுத்துடுங்க. சாவி, இதே மாடல் பழசு கிடைச்சாத்தான் போடணும். டூப்ளிகேட் வேண்டாம்.”

வாட்ச் கைக்கு வந்ததும் நேரே அபிராமபுரம் போனான்.

“ஏன்க்கா, அப்பாவோட வாட்ச் உன் பொண்ணுக்கு விளையாட்டுச் சாமானா? நெயில் பாலிஷ் தடவி, சாவியைத் திருகி... கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா?”

துணி மடித்துக்கொண்டிருந்த ஹம்சினி வாட்சை வாங்கினாள். கண்ணாடியைக் கட்டைவிரலால் தடவினாள்.

“அந்தச் சிவப்புப் பொட்டை எடுத்துட்டியா?”

“பின்னே? வெச்சுண்டிருப்பேனா?”

“நிஷா இதைத் தொட்டதே இல்லைடா. பொட்டு வெச்சது நான்தான்.”

“நீயா? ஏன்?”

“அப்பாவுக்கு மணி பார்க்கவே மறந்துபோச்சு. ‘சுஹாஸ் எப்போ பேசுவான், எப்போ பேசுவான்’னு கார்த்தாலேர்ந்து கேட்டுண்டே இருப்பார். சின்ன முள் இந்தச் சிவப்பைத் தொட்டா அவன் போன் வரும்பான்னு சொல்லி வெச்சேன். அப்புறம் கேக்கலை. பொட்டையே பார்த்துண்டு உக்காந்திருப்பார்.”

சுஹாஸ் கண்ணாடியில் எட்டாம் எண்ணைப் பார்த்தான். பெருங்குடி ஆபீஸிலிருந்து கிளம்பும்போது, தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னவன் அவன்தான்.

அதைத் துடைத்துப்போடச் சொன்னவனும் அவன்தான்.

குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான். “அது சரிக்கா... சாவியை ஏன் அப்படித் திருகினே?”

“விடு. அதான் மாத்திட்டியே.”

“இல்லைக்கா, சொல்லு.”

ஹம்சினி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வாட்சை அவன் கையில் வைத்தாள்.

“நீ பேசலைன்னா அப்பா சாப்பிட மாட்டார்டா. அதான், முள் பொட்டைத் தாண்டப் போறச்சே சாவி கொடுக்கறேன்னு வாங்கிப் பின்னாடி தள்ளி வெச்சுட்டு, ‘இன்னும் எட்டு ஆகலைப்பா, இப்போ பேசுவான்’னு சொல்லிச் சொல்லி ஊட்டுவேன். சாவி அதுலதான் தேஞ்சுபோச்சு.”