மனுவுக்குக் கீழே இருந்தது

அப்பா பல் துலக்கி வருவதற்குள் லேப்டாப்பில் ஒரு பட்டனை அமுக்கிவிட வேண்டும். எனக்கு இருந்த அவகாசம் அவ்வளவுதான்.

முந்தின நாள்தான் தோழி மலர்விழி சொன்னாள். ஒரு ஃபைலை எத்தனை ஃபோல்டருக்குள் ஒளித்து வைத்தாலும், கடைசியாகத் திறந்தவை எல்லாம் முதல் பக்கத்திலேயே பெயரோடு வரிசையாக நிற்குமாம்.

போய்ப் பார்த்தேன். நின்றது.

முதலில் அப்பாவின் மனு. தனி இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதிச் சங்கம் கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுக்கப்போவது. அப்பாதான் கிளைத் தலைவர். டைப் அடித்துக் கொடுத்தது நான்.

அதற்கு நேர் கீழே, பி.எட். நோட்ஸுக்குள் நான் பத்திரமாகப் புதைத்து வைத்திருந்த திருமணப் பதிவு விண்ணப்பம். மாப்பிள்ளை பெயர் வெற்றிவேல். அவன் அப்பா பிச்சைமுத்து எங்கள் தோட்டத்துக்குக் கரும்பு வெட்ட வருகிறவர். எங்கள் சாதி இல்லை.

விஷயம் வெளியே தெரிந்தால் வெற்றிவேலை உயிரோடு விடமாட்டார்கள். என்னையும்தான். அந்த விண்ணப்பத்தை அடித்து வைத்த பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆப்ஷன்ஸுக்குள் போய், ‘கிளியர்’ என்பதை அமுக்கினேன். ஒரு லோடு கரும்பை ஆலைக்குள் விடவே நாலு கையெழுத்து கேட்கிறார்கள். இது ‘நிச்சயமாகவா’ என்றுகூடக் கேட்கவில்லை. பட்டியல் மொத்தமும் போய்விட்டது.

அப்பாடா என்று இருந்தது.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி அப்பா வந்து உட்கார்ந்தார். திரையை வெறித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, லிஸ்டையே காணோம்? என் மனு எங்க?"

அப்போதுதான் உறைத்தது. அப்பாவுக்கு ஃபோல்டர் எல்லாம் தெரியாது. தினமும் காலையில் அந்தப் பட்டியலைத் தட்டித்தான் மனுவைத் திறந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நானே தேடித் திறந்து கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை.

"இதுக்குக் கீழ இன்னொண்ணு இருந்துச்சே. அதையும் எடு."

அப்படியென்றால் அவர் அதைப் பார்த்திருக்கிறார். பத்து நாளாக என் கையால்தான் காபி வாங்கிக் குடித்தார். குழம்பில் உப்பு கம்மி என்று நேற்றுகூடத் திட்டினார். மனிதர் முகத்தில் ஒன்றுமே காட்டவில்லை.

திறந்தேன். வேறு என்ன செய்வது?

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார். வெற்றிவேல் பெயரில் விரல் நிற்கவில்லை. பிச்சைமுத்து பெயரிலும் நிற்கவில்லை. திருமண நாள் என்ற கட்டத்தில் போய் நின்றது.

வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, சங்கக் கூட்டத்தில் ஒருநாளும் கேட்டிராத சின்னக் குரலில் சொன்னார்.

"வெள்ளிக்கெழமைன்னு போட்டிருக்கிறே. திங்கக்கெழமை நான் அத்தினி பேர் முன்னால மைக்கு புடிச்சி மனு குடுக்கணும். அது முடியட்டும்."

எனக்கு வந்தது பயமா, கோபமா, அழுகையா, எனக்கே தெரியவில்லை. வெள்ளியை அழித்துவிட்டு, செவ்வாய்க்கிழமையின் தேதியை அடித்தேன்.

அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"செவ்வா கல்யாணத்துக்கு ஆவாதும்மா. புதன் போடு."