வலது பொத்தான்

"மவுஸை நானே பிடிச்சுக்கறேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று, தொழிலாளர்களின் வேலை நேரத்தைச் சோதிக்க வந்த ஆடிட்டர் அம்மாள் சொன்னதும் அன்புசெல்வி எழுந்து நகர்ந்தாள்.

அவளுடைய நாற்காலி, அவளுடைய கம்ப்யூட்டர். இனி மூன்றடி தள்ளி நின்று பார்க்க வேண்டியதுதான்.

திரையில் வெற்றிடத்தில் வைத்து வலது பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். எல்லார் கம்ப்யூட்டரிலும் விரிவதுதான். இந்தப் பனியன் கம்பெனியில் மட்டும் அதில் ஒரு வரி கூடுதல். போன வருஷம் அன்புசெல்வி தானாகவே கற்றுக்கொண்டு சேர்த்தது. 'ஆடிட்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

அதைத் தட்டினால் உண்மையான வருகைப் பதிவேடு ஒளிந்துகொள்ளும். எட்டு மணி நேர வேலை, ஞாயிறு விடுமுறை என்று குளித்துப் பொட்டு வைத்த பதிவேடு ஒன்று அந்த இடத்தில் வந்து உட்காரும். முன்பெல்லாம் இரண்டு நாள் பிடித்த வேலை. ஓனர் செங்கோட்டையன் அசந்துபோய் ஆபீஸ் முழுக்கப் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

ஓனருக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வித்தை ஒன்றே ஒன்று. எந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் முதலில் வலது பொத்தான், ரெஃப்ரெஷ். மூன்று முறை. கடை திறந்ததும் கல்லாவைத் தொட்டுக் கும்பிடுகிற மாதிரி. அப்புறம்தான் மற்றதெல்லாம்.

இப்போது அவர் ஆடிட்டருக்குப் பின்னால் நின்று கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆடிட்டர் மார்ச் மாதத்தைத் திறந்தார். பதினாறாம் தேதி, ஞாயிறு. விடுமுறை. யாரும் வரவில்லை.

யாரும் வராத அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் நாகஜோதியின் வலது கை பட்டன் மிஷினுக்குள் போனது. இரண்டு விரல் போய்விட்டது. "அன்னைக்குக் கம்பெனியே லீவுங்க, எங்கயோ அடிபட்டுட்டு இங்க வந்து நிக்குது அந்தப் புள்ள" என்றுவிட்டார் ஓனர். விசாரிக்க வந்தவர்களுக்கும் இதே பதிவேடுதான் காட்டப்பட்டது. பட்டியலைத் தட்டியது அன்புசெல்வியின் விரல்.

திருப்பூர் ராயபுரத்து வாடகை அறையில் நாகஜோதியை அவள் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்தாள். இடது கையால் டீ ஊற்றிக் கொடுத்தாள் அந்தப் பெண். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஆடிட்டரின் ஆள்காட்டி விரல் இடது பொத்தானில் இருந்தது, நடுவிரல் வலது பொத்தானில். அன்புசெல்வி அந்த நடுவிரலையே பார்த்தாள். அது அழுந்தினால் இந்த வேலை போச்சு. திருப்பூரில் வேறெந்தக் கம்பெனியும் சேர்க்காது. போலீஸ் வருமோ? பொங்கலூரில் அப்பாவிடம் என்னவென்று சொல்வது?

விரல் அசைந்தது.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் திரும்ப வந்து படுத்துக்கொண்டது.

ஏப்ரல். மே. எல்லா ஞாயிறும் விடுமுறை.

ஆடிட்டர் எழுந்துவிட்டார். வலது பொத்தானை ஒரு முறைகூட அழுத்தவில்லை.

அன்புசெல்விக்குக் கண் கலங்கியது. ஓனர் அதைப் பார்த்துவிட்டு, பிழைத்தோம் என்கிற மாதிரி தலையை ஆட்டினார்.

கிளம்பும்போது ஆடிட்டர் போன வருஷச் சான்றிதழில் ஒரு பிரதி கேட்டார்.

"நீ இரு கண்ணு. ஒரே நிமிசமுங்க மேடம், நானே எடுத்துத் தர்றேனுங்க." ஓனர் சந்தோஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஆடிட்டர் அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

அன்புசெல்வி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். தடுக்க ஒரு நொடி இருந்தது. நான் எடுக்கிறேன் சார் என்றால் போதும். அவள் சொல்லவில்லை.

வலது பொத்தான். பட்டியல் விரிந்தது. முதல் வரியிலேயே இருந்தது, ரெஃப்ரெஷ்.

காலையில் யாரும் வருவதற்கு முன்னால், பொய்ப் பதிவேட்டை வரவைத்த கையோடு, 'ஆடிட்' என்பதை அழித்துவிட்டு அவள் வைத்த பெயர். அதைத் தட்டினால் இனிமேல் உண்மையான பதிவேட்டின் ஒரு பக்கம் மட்டும் திறக்கும். மார்ச் பதினாறு, நாகஜோதி உள்ளே வந்த நேரம் காலை எட்டு இருபது.

ஓனர் வழக்கம்போல மூன்று முறை தட்டினார்.