டப்பான்னு ஆரம்பிக்கிற மாத்திரை

"சீட்டு இல்லாம இந்த மாத்திரை கிடைக்காதும்மா."

மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்ற கண்ணாடிக்காரர், இளவரசி நீட்டிய காலி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. காணையிலிருந்து பஸ் பிடித்து முதல் தடவையாக விழுப்புரத்தில் இந்தக் கடைக்கு வந்திருக்கிறாள். மல்லாட்டைக் கடலை மூட்டை தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்ட அவள் புருஷன் பச்சைமுத்து, அந்த மாத்திரை இல்லாமல் கட்டிலை விட்டு எழுந்திருப்பதில்லை.

"இதோட பேராவது தெரியுமா?"

"டப்பான்னு ஆரம்பிக்கும் சார்."

"டபென்டடால். அபின் மாதிரி வேலை செய்யும், ஆனா லேப்ல தயாரிக்கிறது. பழகிட்டா லேசுல விடாது. டாக்டர் எழுதித் தராம வித்தா சட்டப்படி குத்தம்."

கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தொப்பைக்காரர், இளவரசியைப் பார்த்து வேகவேகமாகத் தலையை ஆட்டினார். கண்ணை வேறு உருட்டினார். பாவம், கழுத்துப் பிடிப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"சும்மா சொல்லாதீங்க சார். எங்கூட்டுக்காரரு ஒரு மாசமா இங்கதான் வாங்கிக்கினு வர்றாரு. ஒரு தபா கூட சீட்டு கேட்டதில்லையாம்!"

"ஓகோ! எங்கேயிருந்து எடுத்துத் தருவாங்களாம்?"

"பேபி பவுடருக்குப் பின்னாடி ஒரு பிஸ்கட் டின்னு இருக்குமாமே, அதுலேர்ந்துதான்."

கண்ணாடிக்காரர் பவுடர் டப்பாக்களை ஒதுக்கி, டின்னை இழுத்துத் திறந்தார். உள்ளே கழுத்து வரைக்கும் மாத்திரை அட்டைகள். வாசலில் தொப்பைக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா? இல்லேன்னு சொல்லி என்னைப் பேஜார் பண்ணிட்டீங்களே! அப்படியே அந்த அண்ணனுக்கும் ரெண்டு குடுங்க சார், வலியில துடிக்கிறாரு."

"இந்த மாத்திரையை நிறுத்திட்டு, நாளைக்கே உன் புருஷனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போம்மா. நீ செஞ்சது பெரிய உதவி" என்றவர், நாற்காலியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுத ஆரம்பித்தார்.

இளவரசி சந்தோஷமாக வாசலுக்கு வந்தாள். "கவலைப்படாதீங்கண்ணே. கடைக்காரரு பில்லு போடுறாரு."

தொப்பைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கடைக்காரன் நான்தாம்மா, அவரு டிரக்ஸ் இன்ஸ்பெக்டரு!"